உங்களுக்குத் தெரியுமா? கோடை வெப்பத்தைக் குளிர்காலத்துக்குச் சேமிக்கும் பாராளுமன்றம்

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில், ரைஷ்டாக் எனும் பாராளுமன்ற மாளிகைக்காக மின்சாரம் உற்பத்தி செய்கையில் கோடையில் மிஞ்சுகின்ற வெப்பம், வீணே ஆகாயத்தில் கலந்துவிடாமல், பூமிக்கடியில் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்திலுள்ள உப்புநீர்ப் படுகையில் சேமிக்கப்பட்டு, குளிர்காலத்தில் மேலே கொணரப்பட்டு, மாளிகையைக் கதகதப்பாக்குகிறது!

• 1894-இல் பூர்த்தியாகி, 1933-இல் தீக்கிரையாகி, இரண்டாம் உலக யுத்தத்திலும் சிதைவுற்ற இம்மாளிகை, பிளவுண்டிருந்த தேசம் மீண்டும் ஒன்றிணைந்த பின்னர், பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் திட்டப்படி புனர்நிர்மாணம் பெற்று, 1999-இல் திறக்கப்பட்டது.

• சிகரமாய் விளங்கும் கண்ணாடிக் குவிமாடத்தின் மத்தியிலுள்ள கூம்பில் பதித்த 360 ஆடிகள், சூரிய வெளிச்சத்தைக் கீழேயுள்ள சபா மண்டபத்துக்குள் திருப்புகின்றன. மண்டபத்தின் உஷ்ணக் காற்றும் அக்கூம்பின் வழியாகவே வெளியேறுகிறது.

• குவிமாடத்தினுள் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையில் பொதுஜனங்கள், தம் பிரதிநிதிகள் அமரும் மண்டபத்துக்கு மேலாகவே நடக்கிறார்கள். ஜனநாயகத்தில் மக்களே உயர்ந்தவர் என்னும் தத்துவத்துக்கு இதனினும் சிறந்த ரூபம் அரிது.

• 1945-இல் சோவியத் வீரர்கள் சுவர்களில் கிறுக்கிய எழுத்துகள் பல, சரித்திரத்தின் சாட்சியங்களாக, அழிக்கப்படாமல் பாதுகாக்கப்படுகின்றன.