கிளை வெட்டுபவர் விழுவது ஏன்? தடுப்பது எப்படி?

பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொட 1.4 நொடிதான் ஆகும். அப்போது வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். எதையும் எட்டிப் பிடிக்க அவகாசமே கிடையாது.

ஏன் விழுகிறார்கள்? முருங்கைக் கிளை சட்டென்று முறியும். உள்ளே உளுத்த கிளை வெளியே பச்சையாகவே தெரியும். பெரிய கிளை அறுந்ததும், பாரம் குறைந்த மரம் துள்ளி ஆளை உதறும். சில சமயம் வாளோ அரிவாளோ இடுப்புக் கயிற்றையே அறுத்துவிடும்.

எப்படித் தடுப்பது? வெட்டும்போது இரண்டு கயிறு வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். வெட்டும் கிளையில் கட்டாமல், உறுதியான அடிமரத்தில் கட்ட வேண்டும்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முறிந்த முதுகெலும்பு தண்டுவடத்தை நசுக்கக்கூடும். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். கிளை வெட்ட ஆள் வைப்பவர்கள், கூலி பேசும்போதே பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா என்று கேளுங்கள்.