சமூகப் பாட ஆசிரியராவதற்கு எத்தனை வழிகள்?

வரலாற்றிலோ பொருளாதாரத்திலோ பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருப்பார். ஊரிலுள்ள தனியார் பள்ளியொன்றில் சமூகப் பாடம் நடத்த ஆள் வேண்டுமென்கிறார்கள், அவரும் சேர்ந்துவிடுகிறார். பிள்ளைகள் அவரை விரும்புகிறார்கள். மூன்றாண்டுகள் கழிந்தபின், “உமக்குப் பயிற்சிப் பட்டம் இல்லையே, இனி உம்மை எவ்வாறு வைத்துக்கொள்வது?” என்று நிர்வாகம் கேட்கிறது. ஊதியத்தை விட்டுவிட்டு ஈராண்டு கல்லூரிக்குச் செல்ல அவரால் இயலுமா? வேறு வழி உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்க நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் ஆசிரியர்க்கு உரிமம் வழங்குகிறது. நம் நாட்டுச் சட்டம் உரிமம் என்று கூறுவதில்லை. தகுதி என்றே கூறுகிறது. அரசாங்க ஆவணங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுவரும் தொழிலில் ஈடுபட்டுள்ள நமக்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றவில்லை. உரிமம் பிறர் கொடுப்பது. தகுதி தாமே ஈட்டிக்கொள்வது.

அத்தகுதி யாது? 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதனை வரையறுக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர் அனைவரும் அத்தகுதியைப் பெற்றிருத்தல் வேண்டும் என்று விதித்தது. 2010-இல் வெளியான அறிவிப்பு, ஆசிரியர் தகுதித் தேர்வையும் அதனுடன் சேர்த்தது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு உரிய இரண்டாம் தாளில் 150 வினாக்கள் உள்ளன. சமூகப் பாடத்தைத் தேர்ந்தெடுப்போர்க்கு அவற்றுள் 60 அப்பாடத்தைச் சார்ந்தவை. எஞ்சியவை குழந்தை வளர்ச்சியும் இரு மொழிகளும் பற்றியவை. பொதுவாக நூற்றுக்கு அறுபது பெற்றவர் தேறியவராவார். தேர்ச்சிச் சான்று முன்னர் ஏழாண்டுகளுக்கே செல்லும் என்றிருந்தது. 2021-இல் அது வாழ்நாள் முழுதும் செல்லும் என்று மாற்றப்பட்டது.

இனி வழிகளைக் காண்போம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர்க்கு ஒரே பாதைதான் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பட்டம் பெற்றவர் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்றாலும் போதும்; நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண்ணுடன் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றாலும் போதும்; பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்தாலும் போதும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பட்டத்துடன் பி.எட். அல்லது நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டம் வேண்டும். அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு உரிய துறையில் முதுகலைப் பட்டமும் வேண்டும்.

ஒருங்கிணைந்த படிப்பு புதியதன்று. 1960-களின் தொடக்கத்திலேயே ஆஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பட்டு, அங்கு நான்காண்டுப் படிப்பு நடத்தப்பட்டது. வேலையில் இருந்துகொண்டே பயில விரும்பிய ஆசிரியர்க்காகக் கோடை விடுமுறை வகுப்பும் அஞ்சல் வழிப் பாடமும் இணைந்த முறையையும் அக்கல்லூரிகள் கையாண்டன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே ஆசிரியர்க்கான குறைந்த அளவுத் தகுதியாக வேண்டும் என்று குறிக்கோள் வகுத்துள்ளது. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்க்கு ஈராண்டு பி.எட். படிப்பையும், முதுகலைப் பட்டமோ நான்காண்டு இளங்கலைப் பட்டமோ பெற்றவர்க்கு ஓராண்டு பி.எட். படிப்பையும் அக்கொள்கை பரிந்துரைக்கிறது.

தொலைநிலைக் கல்வியைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அவ்வழியில் பி.எட். பயில்வதற்கு எந்தப் பட்டதாரியும் சேர்ந்துவிட இயலாது. தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவரும், ஏற்கெனவே நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்தவருமே அதற்கு உரியவர். இதனை அறியாது பணத்தைக் கட்டிவிட்டு வருந்துவோர் உளர்.

குறுக்கு வழிகள் பின்னர் எத்தகைய இடர் தரும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியே சான்று. பயிற்சியின்றிப் பணியிலிருந்த ஆசிரியர்க்குத் தகுதி பெற 2019 மார்ச் 31 வரை கால நீட்டிப்பு அளித்து 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் அவர்களுக்காகப் பதினெட்டு மாதப் பட்டயப் படிப்பை நடத்தியது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர். ஆனால் அப்பட்டயம் ஈராண்டுப் பட்டயத்திற்கு நிகராகுமா என்ற வழக்கு எழுந்தது. நிகராகாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியிலிருந்து அப்படிப்பை முடித்தவர்க்கு அது செல்லும் என்று 2024 டிசம்பரில் அந்நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட காலத்தில் அவர்தம் குடும்பங்கள் பட்ட கவலையை எந்தத் தீர்ப்பும் அளந்து காட்டாது.

பணியில் நெடுங்காலம் இருந்தவர்க்கும் நிலைமை மாறியது. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருள், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம். ஆனால் தேர்வில் தேறாமல் பதவி உயர்வு பெற இயலாது என்றும் கூறியது.

“சமூகப் பாடந்தானே! செய்தித்தாள் படிப்பவர் எவரும் நடத்தலாமே! இதற்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?” என்று கேட்பவர் உண்டு. பல பள்ளிகளில் கால அட்டவணையில் ஓய்வு மணி மிகுதியாக உள்ள ஆசிரியரிடம் இப்பாடம் ஒப்படைக்கப்படுவதற்கு இவ்வெண்ணமே காரணம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, வரலாறு, பூகோளம், குடிமை, பொருளாதாரம் ஆகியவற்றை ஒன்றாய் இணைத்துச் சமூகப் பாடத்தை எல்லோர்க்கும் பொதுப்பாடமாக்கப் பரிந்துரைத்தது. ஆனால் கல்லூரியில் ஒருவர் பயில்வது பெரும்பாலும் ஒரே துறையைத்தான். வரலாறு பயின்றவர்க்கு நிலப்படம் தடுமாற்றம் தருகிறது. பொருளாதாரம் பயின்றவர்க்கு அரசியல் சட்டம் புதிதாய் இருக்கிறது. இதனாலேயே கேந்திரிய வித்தியாலயங்களில் இப்பதவிக்கு வரலாறு, பூகோளம், பொருளாதாரம், அரசியல் ஆகிய நான்கனுள் இரண்டு பாடங்களைப் பட்டப்படிப்பில் பயின்றிருத்தல் வேண்டும் என்றும், அவற்றுள் ஒன்று வரலாறாகவோ பூகோளமாகவோ இருத்தல் வேண்டும் என்றும் விதித்துள்ளனர். பட்டப்படிப்பில் சேருமுன்னரே இதனைக் கருதுவது நன்று.

அன்றியும், நாட்டுப் பிரிவினையைப் பற்றியோ சாதிக்கொடுமையைப் பற்றியோ பாடம் நடத்தும்போது, பாடநூலில் உள்ளதை மட்டும் ஒப்பித்தால் போதாது. எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர்க்கு அது தம் பாட்டனார் பட்ட துன்பம். சிலர்க்குத் தம் வீட்டில் இன்றும் நிகழ்வது. ஒரு சொல் பிசகினால் ஒரு பிள்ளை தலைகுனியும். இந்நுட்பத்தை நூல் கற்பிக்காது. வகுப்பறையில், அனுபவமிக்க ஆசிரியர் உடனிருக்க, பன்முறை பழகியே பெறவேண்டும். பி.எட். படிப்பு ஈராண்டாக்கப்பட்டபோது இருபது வாரப் பள்ளிப் பயிற்சி சேர்க்கப்பட்டதன் பயனும் இதுவே.

ஆதலின் அந்த இளைஞர்க்கு நாம் கூறத்தக்கது இதுதான்: எவ்வழியில் சென்றாலும், தாம் சேரும் நிறுவனமும் படிப்பும் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றவையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்க. எந்த வகுப்புக்குக் கற்பிக்க விரும்புகிறோம் என்பதைத் தீர்மானித்து, அதற்குரிய வழியைத் தேர்க. அரசாங்கத்திற்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் கூறத்தக்கதும் ஒன்று உண்டு. ஊதியத்தை இழக்க இயலாத ஏழைப் பட்டதாரிக்கு மாலை வகுப்பும் விடுமுறை வகுப்பும் உதவித்தொகையும் வேண்டும். வழிகள் பலவாகலாம், ஆனால் பள்ளிப் பயிற்சியின் அளவு எவ்வழியிலும் குறையலாகாது. நல்லாசிரியரைப் பெறும் உரிமை ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் உண்டன்றோ?