"சூப்பர் மச்சி"ன்னு சொல்றது நட்பா?

"எப்படிடா இருக்கு?"

"சூப்பர் மச்சி!"

இந்த ரெண்டு வரி டயலாக் கேட்காத ஹாஸ்டல் உண்டா? செமினார், கவிதை, குறும்படம், புது ஹேர்கட்... யார் எதைக் காட்டினாலும் நம்ம ரெடிமேட் பதில் இதுதான். பிடிக்காதவன் காட்டினா இன்னொரு ரெடிமேட் பதில் இருக்கு: "செம மொக்கை!" ரெண்டுமே சொல்ல ஈஸி. ரெண்டாலயும் கேட்டவனுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

இதை நான் கத்துக்கிட்ட கதை கொஞ்சம் கசப்பானது.

போன செமஸ்டர்ல என் ஃப்ரெண்ட் ஒரு மினி புராஜெக்ட் பண்ணினான். மண்ணுல ஈரம் குறைஞ்சா தானா மோட்டாரைப் போடுற சர்க்யூட். அவங்க அப்பாவோட தென்னந்தோப்பை மனசுல வெச்சு யோசிச்சது. ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு என் ரூமுக்குத் தூக்கிட்டு வந்தான். டம்ளர் தண்ணியில சென்சாரை விட்டா மோட்டார் நின்னுச்சு. வெளிய எடுத்தா ஓடுச்சு. "தண்ணியில சரிடா, மண்ணுல டெஸ்ட் பண்ணினியா?"ன்னு கேட்க வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. பாவம், மூணு நாளா சரியாத் தூங்காதவன், எதுக்கு டென்ஷன் ஏத்தணும்? "சூப்பர் மச்சி"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மறுநாள் ரிவ்யூவுல வந்த முதல் கேள்வியே அதுதான். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் ரீடிங் மாறுமே, எதுல டெஸ்ட் பண்ணினேன்னு கேட்டாங்க. அவன்கிட்ட பதில் இல்லை. வெளிய வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்: "உனக்கு நேத்தே தோணுச்சாடா?" தலையாட்டினேன். ரெண்டு வாரம் என்கூடப் பேசலை. மார்க் போனதுகூட அவனுக்குப் பெருசில்லை. தெரிஞ்சும் சொல்லலையேங்கிறதுதான் வலி.

தக்காளிப் பெட்டி சொன்ன பாடம்

அந்த ரெண்டு வாரத்துல ஒருநாள் விடிகாலையில மாமாவோட கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குப் போனேன். மாமா கொண்டுபோன தக்காளிப் பெட்டி ஒண்ணுல மண்டிக்காரர் கையை அடிவரைக்கும் விட்டுப் பார்த்தார்.

"ஏனுங் மாமா, மேல பெருசா இருக்குது, அடியில பூராப் பொடிசாக் கெடக்குது. ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுக் கொண்டாங்க. பழமும் ஒருநாள் முந்திப் பறிச்சிருந்தா கேரளா லாரிக்குத் தாங்கியிருக்குமுங்க."

"செரிங்க, அடுத்த பறிப்புல பாத்துக்கறனுங்க."

அவ்வளவுதான். அரை நிமிஷம். மாமா முகத்துல கோபமே இல்லை. "உங்களுக்கு வெவசாயமே தெரியாது"ன்னு மண்டிக்காரர் சொல்லியிருந்தா சண்டை வந்திருக்கும். "அருமையான தக்காளிங்க"ன்னு சொல்லிட்டு விலையைக் குறைச்சிருந்தா மாமாவுக்கு ஏன்னே தெரிஞ்சிருக்காது. அவர் பேசினது பெட்டியைப் பத்தி மட்டும்தான். எது சரியில்லை, அடுத்த தடவை என்ன செய்யணும்னு ரெண்டையும் சொன்னார். நான் சொல்லாம விட்டதும் இந்த மாதிரி ஒரே ஒரு வரிதான்!

ஈரோட்டுக்காரரும் மூணு பேரும்

சாதாரண ஆளுக்கு ஓகே, ஜீனியஸுக்கு இதெல்லாம் தேவையான்னு கேட்கிறீங்களா? நம்ம கொங்கு மண்ணுல, ஈரோட்டுல, 1887-ல பிறந்த கணித மேதை ராமானுஜனையே எடுத்துக்குவோம்.

அவரோட முதல் ஆராய்ச்சிக் கட்டுரை, பெர்னோலி எண்களைப் பத்தினது, 1911-ல இந்தியக் கணிதச் சங்கத்தோட பத்திரிகையில வந்துச்சு. அது சும்மா வந்துடலை. ராமானுஜன் நடுவுல பல படிகளைத் தாண்டித் தாண்டி எழுதுவார். சாதாரண வாசகனால பின்தொடர முடியாது. எடிட்டர் எம்.டி.நாராயண ஐயங்கார் 'புரியலை'ன்னு குப்பையில போடலை. 'மேதை எழுதினது'ன்னு அப்படியே அச்சடிக்கவும் இல்லை. கட்டுரை மூணு தடவை ராமானுஜனுக்கே திரும்பிப் போய்த்தான் அச்சுக்கு வந்துச்சு.

அடுத்த வருஷம், 1912. மெட்ராஸ் துறைமுகத்துல மாசம் 30 ரூபாய் சம்பளத்துல கிளார்க் வேலை. அப்போ மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜ்ல (இன்னைக்கு நமக்கெல்லாம் கனவா இருக்கிற கிண்டி காலேஜ்தான் அது!) சிவில் பேராசிரியரா இருந்த கிரிஃபித், ராமானுஜனோட வேலையைத் தன்னோட பழைய லண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். முடிவே இல்லாத தொடர்கள்ல ராமானுஜன் வழுக்கி விழுந்திருக்கார்னு சொன்ன ஹில், புரோம்விச் எழுதின புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். கட்டுரையை எப்படித் தெளிவா எழுதி அனுப்பணும்னும் சொல்லிக்கொடுத்தார்.

இதுல ஒரு ட்விஸ்ட் உண்டு. 1+2+3+4... இப்படிக் கூட்டிக்கிட்டே போனா விடை -1/12-ன்னு ராமானுஜன் எழுதியிருந்தார். பார்த்தா அபத்தம். ஆனா ஜீட்டா சார்பு வழியாப் பார்த்தா அதுக்கு அர்த்தம் இருக்கு. ஹில் அதைப் பிடிக்கலை. அதாவது, சொல்றவர் ஒரு இடத்துல கோட்டை விட்டாலும், அவர் சொன்ன மத்ததுல விஷயம் இருக்கலாம்!

1913 ஜனவரி 16-ல கேம்பிரிட்ஜ்ல இருந்த ஹார்டிக்குக் கடிதம் போச்சு. அதுக்கு முன்னாடி கேம்பிரிட்ஜ்லயே வேற ரெண்டு கணித அறிஞர்களுக்கு எழுதி, ஒரு உதவியும் கிடைக்கலை. ஹார்டி பிப்ரவரி 8-ல பதில் போட்டார். வந்த சூத்திரங்களை மூணு வகையாப் பிரிச்சார்: ஏற்கெனவே தெரிஞ்சது, புதுசா சுவாரஸ்யமா இருக்கிறது, புதுசும் முக்கியமும் ஆனது. கடைசியில, 'நிரூபணம் அனுப்புங்க'ன்னு கேட்டார்.

ராமானுஜனுக்கு அது உடனே இனிச்சுதா? இல்லை! 27-ம் தேதி எழுதின பதில்ல, தன் வேலையைப் பரிவோட பார்க்கிற நண்பர் கிடைச்சதுல சந்தோஷம்னு சொன்னார். ஆனா நிரூபணம் அனுப்பலை. முறையைச் சொன்னா லண்டன் பேராசிரியர் சொன்னதையே நீங்களும் சொல்வீங்கன்னு தயங்கினார். ஹார்டி விடலை. 1914-ல ராமானுஜன் இங்கிலாந்து போன பிறகு, தெரியாததைச் சொல்லியும் கொடுத்தார். ரொம்ப நெருக்கினா அவரோட தன்னம்பிக்கை உடைஞ்சுடுமோன்னு பயந்ததாவும் பின்னாடி எழுதியிருக்கார். 1918-ல ராமானுஜன் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார்.

சொல்றவங்களுக்கு...

* ஆளை விடுங்க, வேலையைப் பேசுங்க. 'நீ சொதப்பல்' வேண்டாம். 'மூணாவது ஸ்லைடு புரியலை'ன்னு சொல்லலாம்.

* நல்லதையும் குறிப்பாச் சொல்லுங்க. 'சூப்பர்' போதாது. எது சூப்பர்?

* அடுத்து என்ன செய்யலாம்னு ஒண்ணாவது கையில கொடுங்க.

* கேன்டீன்ல கும்பல் நடுவுல சொன்னா அது கலாய். தனியாச் சொன்னாத்தான் அக்கறை.

* திருத்த நேரம் இருக்கும்போதே சொல்லுங்க. நேரமே இல்லைன்னாலும் மறைக்காதீங்க. கேள்வி வரும்னு தெரிஞ்சு போறவன் பதிலாவது யோசிச்சு வெச்சிருப்பான்.

கேட்கிறவங்களுக்கு...

* 'எப்படி இருக்கு?'ன்னு கேட்டா 'சூப்பர்'தான் வரும். 'எங்க போர் அடிச்சுது?'ன்னு கேட்டுப் பாருங்க.

* முழுசாக் கேட்டு முடிக்கிற வரைக்கும் 'இல்ல மச்சி, அது வந்து...' வேண்டாம். காதுக்குக் கசக்கிற சொல்லைப் பொறுத்துக்கிறதை நல்ல ராஜாவோட தகுதியாவே வள்ளுவர் 'இறைமாட்சி'யில வெச்சிருக்கார்.

* கோபம் வந்தா ஒரு ராத்திரி ஆறப்போடுங்க. காலையில மறுபடி படிங்க. சரியானதை எடுங்க, மத்ததை விடுங்க.

* சொன்னவங்ககிட்ட மாத்தினதைக் கொண்டுபோய்க் காட்டுங்க. அடுத்த தடவையும் உண்மையைச் சொல்வாங்க.

என் ஃப்ரெண்ட் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு நானே போய் சாரி சொன்னேன். அவன் ரூம்ல ரெண்டு டப்பா இருந்துச்சு. ஒண்ணுல செம்மண், இன்னொண்ணுல கரிசல். ரெண்டுலயும் சென்சார். "இப்பவாவது சொல்லு"ன்னான். சொன்னேன். அரைமணி நேரம் சண்டை போட்டோம். நல்ல சண்டை!

இந்தக் கட்டுரையை எழுதி முடிச்சதும் முதல்ல அவன்கிட்டதான் கொடுத்தேன். படிச்சான்.

"ராமானுஜன் மேட்டர் நல்லாருக்கு. ஆனா ரிவ்யூ கதையில 'நாம சொல்லாம விட்டுடறோம்'னு பொதுவா எழுதியிருக்க. சொல்லாதது நீதானடா? 'நான்'னு எழுது."

சுருக்குன்னுதான் இருந்துச்சு. மாத்திட்டேன்.