கோயிலின் கல், கோட்டையின் சுவர்

திருகோணமலையின் சல்லிக் கடற்கரையில் விடியற்காலையில் நின்று தெற்கே பார்த்தால், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் கோணேசர் மலை தெரியும். வெள்ளிக்கிழமைகளில் சல்லி முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே அந்தப் பக்கம் திரும்பியும் கை கூப்புகிற தாய்மார் உண்டு. அவர்கள் கும்பிடுவது அந்த மலையில் கோயில்கொண்ட கோணேசரை. ஆனால் அவரிடம் போகும் வழி ஒரு கோட்டைக்குள்ளால்தான் போகிறது.

  இங்கே கோயில்தான் முதலில் இருந்தது. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. 1622இல், சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி ஊர்வலமாக ஊருக்குள் எழுந்தருளியிருந்த வேளையில், போர்த்துக்கேயச் சிப்பாய்கள் பூசகர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கோயில் இடிக்கப்பட்டது. 1624இல் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான்.

அந்தக் கற்களில் ஒன்று இன்றும் கோட்டை வாசலில் இருக்கிறது. பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கிய கல். பக்கத்திலேயே சிதைந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்னும் மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பார்கள் என்று அவற்றை வாசிக்கிறார்கள். கோயிலை உடைத்தவர்களின் சுவரிலேயே கோயிலின் கதை பதிந்துகிடக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பிறகு கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் பிடித்தனர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர். அதே ஆண்டு ஆகஸ்டில் சுஃப்ரென் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை. அமெரிக்க விடுதலைப் போரின் அலை அது. பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் மறுபடி ஒல்லாந்தர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல்தான் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் பெயரில் பிரெட்ரிக் கோட்டை ஆனது. இத்தனை பேரும் ஆசைப்பட்டது மலைக்கா? இல்லை. மலை காவல் காக்கும் துறைமுகத்துக்கு. பாய்க்கப்பல்கள் எந்தப் பருவக்காற்றிலும் ஒதுங்கி நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறை அது.

கோயில் அழிந்தும் வழிபாடு நிற்கவில்லை. கோபுரம் இல்லாத பாறை முனைக்கே பூவும் தேங்காயும் எடுத்துப்போனார்கள் நம் முன்னோர். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது புதைத்து வைத்திருந்த சுவாமி விக்கிரகங்கள் கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

இன்று கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. ஆலமர நிழலில் புள்ளிமான்கள் மேய்கின்றன. அவற்றுக்குத் தீனி கொடுத்துப் படம் எடுப்பவர்கள் பலர். வாசல் கல்லைப் பார்ப்பவர்கள் சிலரே. உப்புக்காற்று அந்த எழுத்துகளை நாளும் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கல்லுக்கு ஒரு கூரையும், தமிழில் ஒரு விளக்கப் பலகையும் வேண்டும்.

அடுத்த முறை கோணேசரிடம் போகும்போது வாசலில் வாகனத்தை விட்டு இறங்குங்கள். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மீன்களைக் காட்டிவிட்டு மேலே ஏறுங்கள்.