'பிரஸ்டீஜ்' என்றொரு சொல்

திருமண மண்டபம் பார்க்கும்போதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும், புதுநன்மை விருந்துக்கு எத்தனை பேரை அழைப்பது எனக் கணக்கிடும்போதும், "நம் பிரஸ்டீஜ் என்னாவது?" என்னும் கேள்வி நம் இல்லங்களில் எழுகிறது. ஆங்கிலம் கல்லாத பாட்டியும் இச்சொல்லைத் தயங்காமல் கையாளுகிறார். அடுப்பங்கரையில் சீழ்க்கையடிக்கும் குக்கருக்கும் இப்பெயர் உண்டல்லவா!

இச்சொல் இலத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. இலத்தீனில் அதன் மூலச்சொல்லுக்குச் செப்பிடுவித்தை என்று பொருள். வேரைத் தோண்டினால், இறுக்கிக் கட்டுதல், கண்ணை மறைத்தல் என்னும் பொருள்கள் கிடைக்கின்றன. நாம் கண்கட்டு வித்தை என்கிறோமே, அதுவேதான்! 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் மாயம், ஏமாற்று என்ற பொருளிலேயே இதனை வழங்கினர். 19-ஆம் நூற்றாண்டில்தான் காண்போர் கண்ணைக் கூசவைக்கும் செல்வாக்கு என்றாகி, பின்னர் உயர்மதிப்பு என நிலைபெற்றது.

'கௌரவம்' என்பதை இதற்கு ஈடாகச் சொல்கிறோம். அதுவோ 'குரு' என்னும் வடசொல்லின் வழிவந்தது. கனம் என்பது பொருள். நீதிபதியை 'கனம்' என்று விளித்ததும் இக்கருத்திலேதான். கனம் ஒருவரிடத்தே இருப்பது. பிரஸ்டீஜோ பார்ப்பவர் கண்ணில் இருப்பது. ஏழைகளுக்கு இலவசமாய் வைத்தியம் செய்யும் முதிய மருத்துவருக்குக் கௌரவம் உண்டு. பழைய மிதிவண்டியில் வருகிறாரே, பிரஸ்டீஜ் உண்டா?

1970-இல் வெளிவந்த 'வியட்நாம் வீடு' திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரத்தின் பெயரே பிரஸ்டீஜ் பத்மநாபன். அச்சொல்லையே மூச்சாகக் கொண்ட அதிகாரி பணி ஓய்வு பெற்றபின் சொந்த வீட்டிலேயே மதிப்பிழக்கும் கதை அது. அதை எழுதிய சுந்தரம் 1973-இல் இயக்கிய படத்திற்குக் 'கௌரவம்' என்றே பெயர்.

ஆங்கிலத்தில் ஒரு கல்லூரிக்கோ பதவிக்கோ பரிசுக்கோ பிரஸ்டீஜ் உண்டு என்பது இயல்பான வழக்கு. நாமோ தன்மானம், குடும்ப மானம், வீண்பெருமை அனைத்தையும் இவ்வொரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். தொல்லை இங்கேதான். "பிரஸ்டீஜுக்காக இரண்டு லட்சம் கடன் வாங்குகிறேன்" என்று ஒரு தந்தை சொன்னால் உறவினர் தலையசைப்பர். "ஊரார் கண்ணுக்காக வாங்குகிறேன்" என்று தமிழில் சொல்லிப் பார்க்கட்டும், நாவே தயங்கும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் சொல்லிப் பார்ப்பது நலம். கட்டிய பணம் எளிதில் திரும்பாது.