சுவரிலே ஒரு துவாரம்!

நீங்கள் மயிலாப்பூரில் குடியிருக்கலாம்; தியாகராய நகரில் இருக்கலாம்; அடையாறில் இருக்கலாம். எங்கே இருந்தாலும் இந்த அனுபவம் உங்களுக்கு உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து, சற்றே கண்ணயரலாம் என்று தலையணையில் தலையை வைத்திருப்பீர்கள். அடுத்த ஃபிளாட்டிலிருந்து கிளம்பும் பாருங்கள் ஒரு சத்தம்! "டர்ர்ர்ர்...!" அலமாரியிலுள்ள எவர்சில்வர் டம்ளர்கள் ஜதி போட ஆரம்பிக்கும். தொட்டிலில் தூங்கும் குழந்தை விழித்துக் கொண்டு தன் கச்சேரியையும் தொடங்கிவிடும்.

யார் வீட்டிலோ சுவரில் துவாரம் போடுகிறார்கள். திரைச்சீலை மாட்டவோ, ஏ.ஸி. பொருத்தவோ, கொலுவுக்குத் தோரண விளக்குக் கட்டவோ, எதற்கோ ஒரு துவாரம்.

அந்தச் சத்தத்தின் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, கோபம் போய்க் கவலை வந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லியே தீர வேண்டும்.

தீக்குச்சியும் திருகு யந்திரமும்

மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஐப்பசி மாதம், முதல் நாள் நல்ல மழை. ஏ.ஸி. பொருத்த இரண்டு பையன்கள் வந்தார்கள். பெரியவனுக்கே இருபத்தைந்து வயசு இருக்காது. பையிலிருந்து டிரில்லிங் மெஷினை எடுத்தான். பாம்பு போல நீள வயர். அதன் நுனியில் பிளக் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை! இரண்டு செப்புக் கம்பிகள் மட்டும் தலையை நீட்டிக் கொண்டிருந்தன. அவற்றைச் சுவரிலுள்ள ஸாக்கெட்டில் செருகி, நழுவாமலிருக்க ஆளுக்கொரு தீக்குச்சியையும் செருகினான்.

என் மாமியார் பார்த்துக் கொண்டே இருந்தார். "ஏம்ப்பா, உன் அம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்லுவாள்?" என்றார்.

"அம்மா ஊர்ல இருக்காங்க பாட்டி, பார்க்க மாட்டாங்க" என்று சிரித்தான் பையன். ஜன்னல் வழியாக வயரை வெளியே விட்டுவிட்டு, சன்ஷேடின் மேல் இறங்கி நின்றான். கீழே மூன்று மாடி ஆழம்.

இரண்டு துவாரம் போட்டாயிற்று. மூன்றாவதற்கு யந்திரத்தை எட்டிப் பிடித்து இழுத்தபோது, வயரின் நடுவிலிருந்த ஒட்டுப் போட்ட இடம் ஜன்னலின் ஈரக் கம்பியில் உரசியது. டேப் பிரிந்திருந்தது போலிருக்கிறது. "ஆ!" என்று ஒரு சத்தம். அதே விநாடியில் வீட்டிலுள்ள விசிறி, விளக்கு எல்லாம் 'பட்'டென்று நின்றன.

அணைத்தது யார் தெரியுமா? மெயின் போர்டிலிருக்கும் ஒரு சின்னப் பாதுகாப்பு ஸ்விட்சு. எலெக்ட்ரீஷியன்கள் அதை ஆர்.ஸி.ஸி.பி. என்பார்கள். மின்சாரம் போன வழியே திரும்பாமல், 30 மில்லி ஆம்பியர் அளவு வேறெங்காவது கசிந்தாலும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தானே அணைந்துவிடும். அன்று அது எங்கள் வீட்டில் இருந்தது. பையன் வெளிறிப் போன முகத்துடன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். மாமியார் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

வாசகிகளே, முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு மெயின் போர்டில் அந்தச் சின்ன ஸ்விட்சு இருக்கிறதா? பழைய வீடுகள் பலவற்றில் இல்லை. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பாருங்கள்.

சந்திரனுக்குப் போன டிரில்

வயரில்தானே வம்பு? வயரே இல்லாவிட்டால்?

இந்த யோசனை புதிதல்ல. நம் தச்சர்கள் கயிற்றைச் சுற்றி இழுத்துத் துரப்பணத்தால் மரத்தைத் துளைத்தார்கள். அதற்கு மின்சாரமா வேண்டியிருந்தது? மின்சாரத்தில் ஓடும் கைத் துரப்பணத்தை 1895-இல் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் கம்பெனியார் செய்தார்கள். ஏழரைக் கிலோ எடை! பிறகு அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்ற இரண்டு நண்பர்கள், கைத்துப்பாக்கி மாதிரிப் பிடியும் விரலால் இழுக்கும் விசையும் உள்ள டிரில்லுக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் அந்த உருவம்தான்.

அதே கம்பெனி 1961-இல் பாட்டரியில் ஓடும் டிரில்லைக் கொண்டு வந்தது. சந்திரனுக்குப் போவதற்காகவே வயரில்லாத டிரில்லைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல, கடையில் விற்பனைக்கு வந்த பிறகுதான் அது சந்திரனுக்குப் போயிற்று. 1971-இல் அப்போலோ 15 விண்கலத்தில் போன டேவிட் ஸ்காட், பாட்டரியில் ஓடுகிற, சுழன்று கொண்டே தட்டுகிற ஒரு டிரில்லால் சந்திரனின் தரையைத் துளைத்தார். சுமார் இரண்டரை மீட்டர் உள்ளே போன குழாய் வெளியே வர மறுத்துவிட்டது. அவரும் கூட வந்த ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து இழு இழு என்று இழுத்துத்தான் எடுத்தார்கள். நம் வீட்டுச் சுவரில் சிக்கிக் கொள்ளும் பிட்டைப் பார்த்து இனி ஆச்சரியப்படாதீர்கள். சந்திரனிலும் இதே கதிதான்!

பாட்டரியின் கதை

அந்தக் காலத்துப் பாட்டரி நிக்கல்-காட்மியம். கனம் ஜாஸ்தி, சும்மா வைத்திருந்தாலே சக்தி வடிந்து போகும், காட்மியமோ விஷம். கான்கிரீட்டை நாள் முழுவதும் துளைத்துக் கொண்டே இருக்கும் பலம் அதற்குப் போதவில்லை. தொழிலாளி வயரையே நம்பியிருந்தான்.

விடிவு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. லித்தியம் உலோகங்களிலெல்லாம் மிக லேசானது. அதை வைத்துத் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய பாட்டரியை ஜப்பானில் ஸோனி கம்பெனி 1991-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு அடிகோலிய விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களிலே மிக மூத்தவர் அவர்தான். காமிராவுக்கும் டெலிபோனுக்கும் பயன்பட்ட அந்தப் பாட்டரி, 2005-ஆம் வருஷ வாக்கில் டிரில்லுக்குள்ளும் புகுந்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்த நிலையத்தார் லித்தியம்-அயனி பாட்டரியைத் தாங்களே செய்து பார்த்து, மாதிரிகள் தயாரிக்கச் சென்னையிலே ஒரு கூடமும் அமைத்தார்கள். 2018-இல் அந்தத் தொழில் நுட்பத்தைத் தனியார் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்க ஒப்பந்தமும் செய்து கொண்டார்கள்.

பையன் திரும்பி வந்தான்

சித்திரை மாதத்தில் இன்னோர் அறைக்கு ஏ.ஸி. வைத்தோம். அதே பையன் வந்தான். பையிலிருந்து மெஷினை எடுத்தான். வயர் இல்லை! அடியிலே ஒரு கறுப்புப் பாட்டரி.

"தவணையில வாங்கினேன் பாட்டி" என்றான். முகத்தில் பெருமை, குரலில் கொஞ்சம் கவலை. இருக்காதா? தொழிலுக்கு ஏற்ற நல்ல யந்திரம், இரண்டு பாட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்து பதினாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். பாட்டரி வீணாய்ப் போனால் அதற்கே ஆயிரக் கணக்கில் ஆகும்.

மாமியார் அவனைக் கேள்வி கேட்டுத் துளைத்ததில் நானும் பல விஷயங்கள் தெரிந்து கொண்டேன்.

பாட்டரியின் மேல் '18 வோல்ட்' என்று போட்டிருக்கும். உள்ளே 3.6 வோல்ட் செல்கள் ஐந்து, வரிசையாகக் கோத்திருக்கும். '4 ஆம்பியர்-மணி' என்றால் பெரும்பாலும் அந்த வரிசை இரண்டு. பதினெட்டையும் நாலையும் பெருக்குங்கள்: 72. நம் வீட்டுக் கூரை விசிறியைச் சுமார் ஒரு மணி நேரம் ஓட்டும் சக்தி அது. கையடக்கப் பெட்டிக்குள் அத்தனையும் அடக்கம்!

தட்டுகிற டிரில்லில் இரண்டு ஜாதி. ஒன்று ஹாமர் டிரில். அதன் உள்ளே பல் வைத்த இரண்டு வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று உரசி ஓடும். நிமிஷத்துக்கு 25,000 தடவைக்கு மேலேயே தட்டும்; ஆனால் ஒவ்வொன்றும் செல்லத் தட்டுதான். செங்கல் சுவருக்கு அது போதும். மற்றொன்று ரோட்டரி ஹாமர். அதிலே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று சுத்தியலைத் தள்ளும். நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் ஒவ்வொன்றும் அடி! கான்கிரீட் தூணுக்கும் தளத்துக்கும் அதுதான் வேண்டும். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவருக்கோ இரண்டுமே ஆகாது. தட்டினால் துவாரத்துக்குப் பதில் பொந்துதான் கிடைக்கும். தட்டும் விசையை அணைத்துவிட்டு, சுழற்சியால் மட்டும் மெல்லத் துளைக்க வேண்டும். டைல்ஸ் பதித்த சுவருக்கும், டைல்ஸைத் தாண்டும் வரை அதே முறைதான்.

"சித்திரை வெயில்ல இந்தப் பாட்டரியைக் கண்ணு மாதிரி பார்த்துக்கணும் பாட்டி" என்றான் பையன். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. வேலை முடிந்து ஆறிய பிறகே போட வேண்டும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பல நாள் சும்மா வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது. நசுங்கினதையும் உப்பினதையும் தொடவே கூடாது, தீப்பிடிக்கும். ஆயுள் முடிந்ததைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-இல் மத்திய சர்க்கார் விதியே செய்திருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது

அதற்குப் பிறகு பையன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். சுவரருகே போனவன் திரும்பி, "பாட்டி, மெயினை அணைச்சிடுங்க" என்றான்.

எங்களுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். துவாரம் போடுவதில் வெளியே தெரியும் வயர் மட்டுமா ஆபத்து? சுவருக்குள்ளே ஒளிந்திருக்கும் வயரும் ஆபத்துத்தான். வயர் வைத்த டிரில்லுக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே மெயினை அணைக்க முடியாது. பாட்டரி டிரில்லுக்கு வீட்டு மின்சாரமே வேண்டாம். வீடு முழுவதையும் அணைத்துவிட்டுத் துளைக்கலாம். வயரில் பட்டாலும் வயர்தான் போகும். மனிதர் போக மாட்டார்.

யோசித்துப் பாருங்கள், எத்தனை எளிய விஷயம்! ஆனால் பாட்டரி டிரில் கொண்டு வருகிறவர்களிலும் பலர் இதைச் செய்வதில்லை, நாமும் சொல்வதில்லை. விசிறி நின்றுவிடுமே, சீரியல் போய்விடுமே என்று பார்க்கிறோம். ஆகையால் அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு டிரில் வரும்போது, இவற்றை நினைவில் வையுங்கள்:

மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். மெயின் போனவுடன் அது தானாக விழித்துக் கொண்டு சுவருக்குள் மின்சாரத்தை அனுப்பிவிடும். இதைப் பலரும் மறந்து போகிறார்கள்.

ஸ்விட்சுப் பலகைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்க விடாதீர்கள். பெரும்பாலும் வயர் அந்த வழியேதான் ஓடும். குழாய்க்கும் கீஸருக்கும் நேராகத் துளைத்தால் தண்ணீர் பீறிடும்.

துவாரத்துக்குக் கீழே பழைய காலண்டர் தாளை மடித்துப் பை மாதிரி ஒட்டி வையுங்கள். தூசு அதில் விழும். அது வெறும் தூசு அல்ல; கான்கிரீட்டிலுள்ள மணலின் நுண்துகள் நாள்தோறும் நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் கெடும். நமக்கு வருஷத்துக்கு இரண்டு துவாரம். அவனுக்கு நாளைக்கு இருபது. மூக்குக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் வந்தால், ஒரு துணியாவது கொடுத்துக் கட்டிக் கொள்ளச் சொல்லுங்கள்.

வயர் வைத்த டிரில்லே வந்தாலும் பரவாயில்லை. பிளக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தீக்குச்சியைக் கண்டால், "வேலை அப்புறம் ஆகட்டும், முதலில் ஒரு பிளக் வாங்கி வா" என்று பணம் கொடுத்து அனுப்புங்கள்.

அன்று மெயினை அணைத்தோம். இன்வெர்ட்டரையும் அணைத்தோம். அக்கினி நட்சத்திர வெயில்; வீடு அடுப்பாகக் கொதித்தது. பையன் நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. மாமியார் உள்ளே போனார். பரணிலிருந்து ஒரு பனை ஓலை விசிறியைத் தேடி எடுத்துக் கொண்டு வந்து, அவன் பக்கத்திலே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ துளை அப்பா. நான் விசிறுகிறேன்" என்றார்.

"டர்ர்ர்ர்..." என்று சத்தம் கிளம்பியது. அடுத்த ஃபிளாட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. எங்களுக்கு அன்று அந்தச் சத்தம் நாராசமாகவே இல்லை.