ஆடியை ஒட்ட எந்தப் பசை?

பள்ளி அறிவியல் மன்றத்தில் நீங்களே ஒரு தொலைநோக்கி செய்ய முனைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 200 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி வட்டைத் தேய்த்துக் குழியாடியாக்கி மெருகேற்றப் பல வாரங்கள் பிடிக்கும். அந்த உழைப்பு முடிந்தபின் ஒரு சிறு வேலை மிஞ்சுகிறது. அதுதான் துணையாடியை அதன் பிடிப்பானில் ஒட்டுவது.

நியூட்டன் 1668ஆம் ஆண்டில் செய்த தொலைநோக்கியின் அமைப்பையே நாமும் பின்பற்றுகிறோம். குழாயின் அடியில் குழியாடி மேல்நோக்கி இருக்கும். குழாயின் வாய்ப்பக்கத்தில், 45 டிகிரி சாய்வாக, ஒரு சிறு சமதள ஆடி கீழ்நோக்கித் தொங்கும். குழியாடி குவிக்கும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணருகு வில்லைக்கு அனுப்புவது இதன் பணி. பசை விட்டுப்போனால் இந்த ஆடி நேராகக் குழியாடியின் மீதுதான் விழும். பல வார உழைப்பு ஒரு நொடியில் பாழாகும்.

அப்படியானால் கிடைப்பதிலேயே மிக வலுவான, கல்போல் இறுகும் பசையைத் தேடிப் பிடிக்க வேண்டும் அல்லவா? இல்லை என்பதே விடை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். குறுக்கே 50, நெடுக்கே 70, தடிப்பில் 8 மில்லிமீட்டர் உள்ள நீள்வட்ட ஆடியின் எடை ஏறத்தாழ 55 கிராம். சிலிக்கோன் ரப்பர்ப் பசையை 8 மில்லிமீட்டர் அகலமுள்ள மூன்று பொட்டுகளாக வைத்தால் ஒட்டும் பரப்பு சுமார் 150 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் அரை நியூட்டன் விசையைத் தாங்கும் என்று குறைவாகவே மதிப்பிட்டாலும், மொத்தம் 75 நியூட்டன் வருகிறது. இது ஏழரைக் கிலோகிராம் எடைக்குச் சமம். தேவையைப் போல் நூறு மடங்குக்கு மேல் வலிமை நம் கையில் இருக்கிறது. எனவே வலிமை இங்கே சிக்கலே அன்று.

உண்மையான சிக்கல் வெப்பம். எங்கள் காரைக்காலில் மே மாதப் பகலில் தகரக் கூரையின் கீழ் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும். மார்கழி விடியற்காலையில் 22 டிகிரி அளவுக்கு இறங்கும். ஏறத்தாழ 20 டிகிரி வேறுபாடு. ஒரு டிகிரி வெப்பம் மாறினால், சாதாரணக் கண்ணாடி தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 9 பங்கு மாறுகிறது. அலுமினியமோ 23 பங்கு மாறுகிறது. 50 மில்லிமீட்டர் அகலத்தில், 20 டிகிரி மாற்றத்திற்கு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.014 மில்லிமீட்டர், அதாவது 14 மைக்ரான்.

தலைமுடியின் தடிப்பைவிடக் குறைந்த இந்த அளவு ஒரு பொருட்டா? ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான். 14 மைக்ரான் இதைப்போல் 25 மடங்கு! நல்ல ஆடியின் பரப்போ அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. ஆடியின் முதுகு முழுவதும் ஈபாக்சிப் பசையைப் பூசி அலுமினியத் தகட்டோடு இறுக ஒட்டினால், இரண்டும் இரட்டை உலோகப் பட்டைபோல் ஆகிவிடும். வெப்பம் மாறும்போது தகடு ஆடியை இழுத்து வளைக்கும். அந்த வளைவில் ஒரு சிறு பகுதி போதும், விண்மீன் புள்ளியாகத் தெரியாமல் கோடாக இழுபட்டுத் தெரிய.

சிலிக்கோன் ரப்பர் இங்கேதான் கைகொடுக்கிறது. அது ஈபாக்சியைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு எளிதில் நெகிழும். மையத்திலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் பொட்டு ஈடுகொடுக்க வேண்டிய நகர்வு ஏறத்தாழ 4 மைக்ரான். பொட்டின் தடிப்பு 2 மில்லிமீட்டர், அதாவது 2000 மைக்ரான். 2000க்கு 4 என்பது ரப்பருக்கு ஒன்றுமே இல்லை. பொட்டு சற்றே சரிந்துகொடுக்கும், ஆடி வளையாது.

பொட்டுகள் ஏன் மூன்று? மூன்று புள்ளிகள் ஒரு தளத்தில் அமைந்தே தீரும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதும் இதனால்தான்.

மற்றப் பசைகள் எப்படி? மரவேலைக்கான வெள்ளைப் பசை நீர் ஆவியாகி உலர வேண்டியது. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் இடையே நீர் வெளியேற வழியில்லை. கடற்கரை ஈரத்தில் அது மீண்டும் இளகவும் கூடும். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை எளிதில் முறிவது. அதன் ஆவி ஆடியின் மீது வெண்படலமாகப் படியும்.

சிலிக்கோனிலும் இரு வகை உண்டு. மீன்தொட்டி செய்வோர் பயன்படுத்தும் ஒரு வகை உலரும்போது காடி நெடி வீசும். அது வெளிவிடும் அசெட்டிக் அமிலம் உலோகத்தையும் ஆடியின் அலுமினியப் பூச்சையும் அரிக்கலாம். உறையில் ‘நியூட்ரல்’ என்று குறிப்பிட்டிருக்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். இப்பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுகிறது. ஆகவே முதுகு முழுவதும் பூசினால் நடுப்பகுதிக்கு ஈரம் எட்டாமல் இறுகாது போகும். பொட்டுகளாக வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஒட்டும் முன் ஆடியின் முதுகையும் தகட்டையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ உப்புப் படிவோ இருக்கக் கூடாது. 2 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்க இடையே தீக்குச்சிகளை வையுங்கள். ஒரு வாரம் அசைக்காமல் விட்டு, பிறகு குச்சிகளை உருவிவிடுங்கள்.

பெரிய தொலைநோக்கிகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 1986இல் திறக்கப்பட்ட காவலூர் வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி ஒரே கண்ணாடியால் ஆனது. ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியின் 10 மீட்டர் ஆடியோ 36 அறுகோணத் துண்டுகளின் சேர்க்கை. வெப்பத்தால் மிக மிகக் குறைவாக விரியும் கண்ணாடியும், அவ்வாறே குறைவாக விரியும் இன்வார் என்ற உலோகக் கலவையும் தேர்ந்தெடுத்தே ஒட்டினார்கள். இருந்தும் ஆண்டுகள் பல சென்றபின், ஒட்டிய இடங்களை அடுத்துக் கண்ணாடியில் நுண்விரிசல்கள் தென்பட்டன. அத்துண்டுகளைக் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் ஆடியை ஒட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். சாதாரணக் கண்ணாடித் துண்டு ஒன்றை அலுமினியத் தகட்டில் இதே முறையில் ஒட்டி, அதில் அரைக் கிலோகிராம் எடையைக் கட்டித் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயிலிலும் இரவுப் பனியிலும் ஒரு மாதம் இருக்கட்டும். அடியில் ஒரு பழைய தலையணையைப் போட மறவாதீர்கள். மாத முடிவில் பொட்டுகளின் ஓரம் உரியாமல் இருந்தால், அதே பசையை நம்பி ஆடிக்குப் பயன்படுத்தலாம்.